தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்: பழைய பிரெஞ்சுப் பளிங்கு ஜாடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பளிங்கில் உடம்பு, பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் கைப்பிடி, சுற்றிலும் தொங்கும் இலைமாலை, இருபக்கமும் ஆட்டுக்கடாத் தலை, மூடியின் உச்சியில் ஒரு பைன் காய். ஏலப் படங்களிலும் பழைய மாளிகைகளிலும் இந்த ஜாடிகளைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பேச்சு முக்கியமாக 1850க்கும் 1914க்கும் இடையில் பாரிஸில் செய்தவற்றைப் பற்றி. ஆனால் அவை எதைப் பார்த்துச் செய்யப்பட்டனவோ, அந்த 18ஆம் நூற்றாண்டு ஜாடிகளைத் தொடாமல் பேச முடியாது.

இவை உண்மையில் எந்தக் காலத்தவை?

விற்பனைக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பின்பாதி, அல்லது 20ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகள். பார்க்க லூயி 16 காலத்தவை போல இருக்கும். பிரெஞ்சு மன்னர் லூயி 16 அரியணையில் இருந்தது 1774 முதல் 1792 வரை, அவருடைய ராணி மாரி அந்துவானெத். அந்தக் காலத்து நல்ல ஜாடிகள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. ஆகவே 'பாட்டனாருக்கு ஒரு பிரெஞ்சுத் துரை கொடுத்தது, மாரி அந்துவானெத் காலத்தது' என்று யாராவது சொன்னால் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் ஜாடியின் அடியைப் பாருங்கள். அடியில் என்ன பார்ப்பது என்று கீழே சொல்கிறேன்.

'புதுச்செவ்வியல்' பாணி என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. கி.பி. 79ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலை மூடிய ரோமானிய ஊர்களான ஹெர்குலேனியத்தை 1738இலும் பாம்பேயை 1748இலும் தோண்டத் தொடங்கினார்கள். ரோமானியர் வீட்டில் விளக்கு எப்படி இருந்தது, முக்காலி எப்படி இருந்தது என்று ஐரோப்பா முதன்முறையாகக் கண்ணால் பார்த்தது. பிரான்ஸில் கேலுஸ் பிரபு 1752 முதல் பழம்பொருள்களைப் படம் போட்டுத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அதுவரை பாரிஸில் ஓடியது சிப்பி, நுரை, வளைவு, நெளிவு என்று நேர்கோடே பிடிக்காத ரொகோகோ பாணி. அதற்குச் சலித்தவர்களுக்கு இந்தப் படங்கள் விருந்தாயின. 1763இல் கிரிம் என்பவர் எழுதிய மடல்களில், பாரிஸில் இப்போது எல்லாமே கிரேக்கம்தான், பெண்களின் தலையலங்காரம் உட்பட, என்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய கிரேக்கர்கள் வீட்டில் வைத்திருந்தது பெரும்பாலும் சுட்ட மண் ஜாடி. பளிங்கு உடம்பில் பொன் வெண்கலம் மாட்டிய ஜாடி அங்கே கிடையாது. பாரிஸ்காரர்களுக்கு முன்மாதிரியாக இருந்தவை ரோமில் கிடைத்த பெரிய பளிங்கு ஜாடிகள். அவற்றில் பெயர் பெற்றவை இரண்டு: இன்று ஃபுளோரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் உள்ள மெதிசி ஜாடி, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள போர்கேஸ் ஜாடி. இரண்டாவதை 1807இல் நெப்போலியன் தன் மைத்துனர் கமில்லோ போர்கேஸிடமிருந்து வாங்கினார். கவிழ்த்துப் போட்ட மணி போன்ற அந்த உருவம் கைக்கடக்கமான அளவு முதல் ஆள் உயரம் வரை ஆயிரம் விதமாக நகலானது. கிரேக்கம் என்று பேர், உருவம் ரோம், வேலை பாரிஸ்.

நூறு வருடம் கழித்து ஏன் அதே பாணியைத் திரும்ப எடுத்தார்கள்?

ஒரு காரணம் ஒரு பெண்மணி. மூன்றாம் நெப்போலியனின் மனைவி, பேரரசி யூஜெனி. மாரி அந்துவானெத் மீது அவருக்கு இருந்தது வெறும் மதிப்பு இல்லை, ஒருவகைப் பித்து. அந்த ராணியின் பொருள்களைத் தேடிச் சேர்த்தார். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியின்போது வெர்சாயின் பெத்தி திரியானோன் மாளிகையில் ராணியின் நினைவுப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கச் செய்தார். பேரரசி எதை விரும்பினாரோ அதை வங்கிக்காரர் மனைவியும் விரும்பினார். 'லூயி 16 பேரரசி பாணி' என்றே ஒரு பேர் வந்துவிட்டது.

இன்னொரு காரணம் பணம். 1850களில் நகர நிர்வாகி ஓஸ்மான் பாரிஸை இடித்துக் கட்டினார். புது வீதி, புது அடுக்குமாடி. ஒவ்வொரு வரவேற்பறையிலும் ஒரு கணப்பு, கணப்பின் மேல் ஒரு பளிங்குப் பலகை, பலகையின் மேல் வைக்க ஏதாவது வேண்டும். அந்த 'ஏதாவது' பெரும்பாலும் நடுவில் ஒரு கடிகாரமும் இருபக்கம் இரண்டு ஜாடிகளும். பிரெஞ்சில் இந்தத் தொகுதிக்கு 'கார்னித்யூர்' என்று பேர். 1855, 1867, 1878, 1889, 1900 என்று வரிசையாக நடந்த உலகக் கண்காட்சிகள் இவற்றை அமெரிக்கா, ரஷ்யா வரை கொண்டுபோயின.

அப்படியானால் இவை போலியா?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். போலி என்பது ஏமாற்றும் எண்ணத்தோடு செய்வது. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பட்டறைக்காரர் ஆன்ரி தசோன் தன் பெயரையும் ஆண்டையும் வெண்கலத்தில் பொறித்துத்தான் விற்றார். வாங்கியவருக்கும் அது புதுப்பொருள் என்று தெரியும். லண்டனில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் வாலஸ் தொகுப்பின் பெரும்பகுதியைச் சேர்த்த ஹெர்ட்ஃபோர்ட் பிரபு கையில் 18ஆம் நூற்றாண்டு அசல்கள் குவிந்து கிடந்தன. அவரே லூயி 15இன் புகழ்பெற்ற மேசைக்குப் புது நகல் ஒன்று செய்யச் சொல்லி வாங்கினார். அசல் எது, நகல் எது என்று தெரியாதவரா அவர்? நகலும் ஒரு வேலைப்பாடு என்று மதித்தார், அவ்வளவுதான்.

ஏமாற்று பின்னால் வந்தது. 1880இல் செய்த ஜாடியை 1780 என்று விற்பவர்தான் குற்றவாளி, ஜாடி இல்லை. நூறு ஆண்டு முந்தைய பட்டறையோடு போட்டி போட்டு, சில இடங்களில் அதைவிட நுணுக்கமாகவும் செய்திருக்கிறார்கள். ஆண்டைப் பார்த்து மதிப்பு போடாமல் வேலையைப் பார்த்து மதிப்பு போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

யார் யார் செய்தார்கள்?

18ஆம் நூற்றாண்டில் ஒரு பெயரை மறக்கக் கூடாது: பியேர் குத்தியேர், 1732 முதல் 1813 வரை வாழ்ந்தவர். வெண்கலத்தைச் செதுக்குவதிலும் முலாம் பூசுவதிலும் அவருக்கு மேல் ஆள் இல்லை. பளபளக்காமல் பட்டுத்துணி போல மங்கலாக இருக்கும் பொன்பூச்சு அவர் கைவண்ணம் என்பார்கள். ஓமோன் பிரபு பழங்காலத் தூண்களையும் அரிய கற்களையும் வாங்கி அறுத்து ஜாடியாக்கி, குத்தியேரிடம் வெண்கலம் போடச் சொன்னார். 1782இல் பிரபு இறந்ததும் அவர் சொத்து ஏலத்துக்கு வந்தது. லூயி 16உம் ராணியும் வாங்கினார்கள். அதில் ராணி 12,000 லிவ்ர் கொடுத்து வாங்கிய சிவப்பு ஜாஸ்பர் கல் தூபக் கலசம் இன்று வாலஸ் தொகுப்பில் இருக்கிறது. குத்தியேரோ ஏழையாகச் செத்தார். அவருக்கு நிறையக் கடன்பட்டிருந்த, லூயி 15இன் ஆசைநாயகி து பாரி சீமாட்டியின் தலை 1793இல் கில்லட்டினில் போனது, பாக்கி வசூலாகவே இல்லை.

19ஆம் நூற்றாண்டுக்கு வந்தால், ஃபெர்தினோன் பார்பெதியேன் (1810–1892). சிற்பங்களைச் சிறிதாக்கி அச்சாக நகலெடுக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த அஷீல் கோலாவோடு 1838இல் கூட்டுச் சேர்ந்தவர். அவர் வீட்டு ஜாடிகளில் நவகிரேக்க ருசி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், குறிப்பாகச் சிற்பி லெவியேன் வடிவமைத்தவற்றில். பேர்த்லே குடும்பம் மூன்று தலைமுறை. கடைசித் தலைமுறையான அல்ஃபிரெட் பேர்த்லே 1895இல் பட்டறையை மூடினார். அவர்கள் முலாமின் தரத்தைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டு என்று ஏமாந்த நிபுணர்கள் உண்டு. ஆன்ரி தசோனைப் பற்றி மேலே சொன்னேன். இவர்களுக்குக் கீழே பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். உங்கள் கண்ணில் படும் பத்து ஜாடியில் எட்டு ஒன்பது அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

'ஓர்மொலு' என்றால் என்ன?

'அரைத்த தங்கம்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து ஆங்கிலேயர் உண்டாக்கிக்கொண்ட பெயர். பிரெஞ்சுக்காரர் 'ப்ரோன்ஸ் தொரே', பொன்பூசிய வெண்கலம், என்பார்கள். வெண்கலம் என்று எல்லோரும் சொன்னாலும் கலவையைச் சோதித்தால் பெரும்பாலும் செம்போடு துத்தநாகம்தான் அதிகம் இருக்கும். நம் வழக்கில் அது பித்தளைக்குப் பக்கம். துத்தநாகம் சேர்ந்தால் உருக்கி வார்க்க எளிது, அடியில் மஞ்சள் நிறம் இருப்பதால் தங்கமும் கொஞ்சம் குறைவாகப் போதும்.

பாதரசத்தால் முலாம் பூசுவது எப்படி?

தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் போன்ற பசையாக்குவார்கள். பழைய கைநூல்கள் சொல்லும் அளவு, ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் எட்டுப் பங்கு பாதரசம். வார்த்துச் செதுக்கிய வெண்கலத்தை அமிலத்தில் கழுவிச் சுத்தம் செய்து, பசை ஒட்டுவதற்காகப் பாதரசம் கலந்த நீர்மத்தைத் தடவி, கம்பித் தூரிகையால் பசையை ஏற்றுவார்கள். அப்புறம் கரி நெருப்பின் மேல் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடாக்க வேண்டும். பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும். ஆவியாகிப் பறந்துவிடும், தங்கம் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். நல்ல வேலை வேண்டுமென்றால் இதையே இரண்டு மூன்று தடவை செய்வார்கள். நேபாளத்தில் பாட்டன் நகரத்துச் சிலைக் கொல்லர்கள் இன்றும் இதே முறையில்தான் புத்தர் சிலைகளுக்குப் பொன் ஏற்றுகிறார்கள்.

பூசியதும் வேலை முடிவதில்லை. இலைமாலையின் மேடு, கொம்பின் விளிம்பு போன்ற இடங்களை அகேட் கல்லாலோ இரும்புக்கல்லாலோ அழுத்தித் தேய்த்துக் கண்ணாடியாக்குவார்கள். பள்ளமான இடங்களில் உப்பு, வெடியுப்பு, படிகாரம் கலந்ததைத் தடவிச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். அந்த இடம் மங்கலாகும். ஒரே தங்கம், பக்கத்திலேயே ஒன்று மின்னும், ஒன்று உறங்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்க்கத்தான் இந்த வித்தியாசத்தை வைத்தார்கள். டியூப்லைட்டின் கீழே அது பாதி செத்துப்போகும்.

பறந்துபோன பாதரசம் எங்கே போனது? பூசுபவரின் நுரையீரலுக்குள். கை நடுக்கம், வாய்ப்புண், பல் விழுதல், அப்புறம் சாவு. இதைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த ரவ்ரியோ என்ற வெண்கலப் பட்டறைக்காரர் 1814இல் இறக்கும்போது, முலாம் பூசுபவர்களைக் காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 ஃபிராங்க் என்று உயில் எழுதி வைத்தார். வேதியியலர் தார்சே, புகையை இழுத்து வெளியேற்றும் அடுப்பு ஒன்றை வடிவமைத்து 1818இல் அந்தப் பரிசைப் பெற்றார். இந்த ஜாடிகளைப் பற்றி நான் படித்தவற்றில் மனதில் நின்றது அந்த உயில்தான். அழகு அழகு என்று பேசும்போது அதன் கூலியையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டியிருக்கிறது.

மின்முலாமா, பாதரச முலாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்முலாம் 1840இல் இங்கிலாந்தில் எல்கிங்டன் காப்புரிமை எடுத்ததிலிருந்து பரவியது. பிரான்ஸில் உரிமையை வாங்கியவர் கிறிஸ்தோஃபிள். மின்முலாமில் பொருளை நீர்மத்தில் முழுக்க முக்குகிறார்கள், அதனால் முன்பக்கம் பின்பக்கம் என்று பாராமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மெல்லிய பொன் படியும். பாதரச முறையில் கையால் தடவுவது. தங்கம் விலை உயர்ந்தது, யாரும் பார்க்காத பின்பக்கத்துக்கு எதற்கு? ஆகவே கைப்பிடியைக் கழற்றிப் பின்னால் பார்த்தால் வெறும் உலோகம், விளிம்பில் மட்டும் தூரிகை வழிந்த பொன் கறை. அது நல்ல அறிகுறி. நிறமும் வேறு: பாதரசப் பொன் கொஞ்சம் கனத்து, வெண்ணெய் போல இருக்கும். மின்முலாம் பலசமயம் எலுமிச்சை மஞ்சளாகவோ வெறும் பளபளப்பாகவோ இருக்கும்.

ஐயம் தீராவிட்டால் எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவி வைத்துச் சோதிக்கலாம், பொன் பூச்சில் பாதரசம் மிச்சமிருந்தால் காட்டிக்கொடுக்கும். இன்னொரு மலிவு முறையும் உண்டு. தங்கமே இல்லாமல், அமிலத்தில் கழுவிய பித்தளை மேல் பொன்னிற வார்னிஷ் அடிப்பது. அது காலப்போக்கில் திட்டுத்திட்டாகப் பழுப்பேறும்.

பிரான்ஸில் 1830வாக்கில் பாதரச முலாமைத் தடை செய்துவிட்டார்கள், ஆகவே பாதரச முலாம் இருந்தால் அதற்கு முந்தையது என்கிறார்களே?

விற்பனையாளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதும் வரி இது. நம்ப வேண்டாம். பேர்த்லே, தசோன் போன்றவர்கள் 1880களிலும் பாதரச முலாம் பூசியிருக்கிறார்கள், அதற்குத்தான் அவர்களுக்குப் பெயர். முலாமின் வகை தரத்தைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது.

கல்லில் என்னென்ன வகை?

வெள்ளை என்றால் இத்தாலியின் கராரா. 'ப்ளூ துர்கேன்' சாம்பல் கலந்த நீலம். குத்தியேர் 1781இல் செய்த ஒரு சுவர் மேசை இந்தக் கல்லில் நியூயார்க் ஃப்ரிக் தொகுப்பில் இருக்கிறது. சிவப்பில் 'கிரியோத்', தெற்கு பிரான்ஸில் கோன் மினெர்வுவா பகுதியில் கிடைப்பது. கிரியோத் என்பது ஒரு புளிப்புச் செர்ரிப் பழத்தின் பெயர். கருஞ்சிவப்பில் அங்கங்கே வெள்ளைக் கண், பொன்னுக்கு அதைப் போல எடுப்பான கல் வேறில்லை என்பேன். இத்தாலியிலிருந்து வந்த 'ப்ரெஷ் வியோலெத்' ஊதா வரிகளில் வெள்ளைத் துண்டுகள் சிதறியது. 'போர்தோர்' கறுப்பில் பொன் ரேகை ஓடுவது. பச்சைக் கற்களும் உண்டு.

1860களில் திடீரென்று ஒரு கல் எல்லா ஜாடியிலும் புகுந்தது: அல்ஜீரியாவின் 'ஓனிக்ஸ் பளிங்கு'. தேன் நிறம், வெளிச்சம் ஊடுருவும். பெயரில் ஓனிக்ஸ் இருந்தாலும் அது கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிம வகைதான், நகைக்கடை ஓனிக்ஸோடு உறவு கிடையாது. அல்ஜீரியா அப்போது பிரான்ஸின் காலனி, கல் வந்த வழி அதுதான். ஆகவே தேன்நிற ஓனிக்ஸ் உடம்போடு ஒரு ஜாடி 'லூயி 16 காலம்' என்று வந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

போர்ஃபிரி என்பது பளிங்கே இல்லை, எரிமலைப் பாறை. எகிப்தின் கருஞ்சிவப்புப் போர்ஃபிரி பளிங்கைவிட இரு மடங்கு கடினம், அதைக் கடைவது மாதக்கணக்கு வேலை. விலையும் அதற்கேற்பத்தான்.

கல் உண்மையான பளிங்கா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பளிங்கு சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். ரெசின் உடனே சூடாகிவிடும். ரேகை உள்ளே போகிறதா என்று வாய்விளிம்பில் பாருங்கள்: மேலே தெரியும் கோடு உட்பக்கம் தொடர்ந்து வர வேண்டும். வர்ணம் தீட்டியதென்றால் விளிம்போடு நின்றுவிடும். அடியில் மறைவான இடத்தில் நகத்தால் கீறினால் கோடு விழுந்தால் அது அலபாஸ்டர், பளிங்கு நகத்துக்கு அசையாது. பூதக்கண்ணாடியில் குமிழிகள் தெரிந்தால் வார்த்தது.

ஜாடியின் அடியில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், இது ஒரே துண்டு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். மூடி, கழுத்து வளையம், கல் உடம்பு, தண்டு, பாதம், சதுரப் பீடம் எல்லாம் தனித்தனி. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு மரையிட்ட கம்பி ஓடுகிறது. அடியில் ஒரு நட் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிறது. தோளில் உள்ள கடாத் தலைகளுக்கு உள்பக்கமாகத் தனித் திருகு.

அடியில் அந்த நட்டைப் பாருங்கள். கையால் வெட்டிய பழைய மரை ஒழுங்கற்றது, நட்டும் ஒரு மாதிரி கோணலாக, அதன் கம்பிக்கு மட்டுமே பொருந்தும். இயந்திர மரை ஒரே சீராக இருக்கும். சீராக இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதி, அல்லது யாரோ கம்பியை மாற்றியிருக்கிறார்கள். ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அப்புறம் துளை. 1900க்குப் பிறகு மின்சாரம் வந்ததும் ஐரோப்பா முழுவதும் ஜாடிகளை மேசை விளக்காக மாற்றும் பித்து கிளம்பியது. பீடத்தின் பக்கவாட்டில் ஒயர் போக ஒரு துளை போட்டிருந்தால் விலையில் பெரிய துண்டு விழும். மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள், டார்ச் அடித்தால் தெரியும்.

வெண்கலத்தைத் திருப்பி, பின்பக்கம் பாருங்கள். நல்ல பட்டறையில் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அரத்தின் தடம் இருக்கும். முன்பக்கம் இலையின் நரம்பு ஒவ்வொன்றும் உளியால் திரும்ப வெட்டியது போலக் கூர்மையாக இருக்க வேண்டும். சோப்புக் கட்டியில் பதித்தது போல மழுங்கி இருந்தால், பழைய வெண்கலத்தின் மேலேயே அச்செடுத்து மறுபடி வார்த்தது என்று ஐயப்படலாம். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அப்படி வார்த்தது அசலைவிடக் கொஞ்சம் சிறியதாகவும் இருக்கும். எடையும் பாருங்கள்: துத்தநாக வார்ப்பு வெண்கலத்தைவிட லேசு, பூச்சு தேய்ந்த இடத்தில் மஞ்சளாக இல்லாமல் சாம்பலாகத் தெரியும்.

ஒருமுறை ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் ஒரு ஜாடியைத் திருப்பக் கை நீட்டினேன். பொறுப்பாளர் ஓடிவந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். 'மூடியை முதலில் எடுத்துவிடுங்கள்' என்றார். கேட்டால் காட்டுவார்கள். கேட்டும் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

இதில் பூ வைக்கலாமா?

வேண்டாம். பலவற்றில் மூடியே திறக்காது, வெறும் உருவம்தான். திறந்தாலும் நடுவில் கம்பி, தண்ணீர் பட்டால் இரும்பு துருவேறிக் கல்லில் கறை ஊறும்.

மூடியைக் கவிழ்த்து வைத்தால் மெழுகுவத்தித் தாங்கியாக மாறும் சிறு ஜாடிகள் உண்டு, அவற்றுக்குக் 'கஸோலெத்' என்று பெயர். வாசனைப் பொருள் எரித்த கலசத்திலிருந்து வந்த பெயர் அது. பகலில் ஜாடி, இரவில் விளக்கு. இந்தத் தொழிலில் நான் பார்த்த கெட்டிக்கார யோசனை இதுதான்.

ஒற்றை ஜாடிக்கும் ஜோடிக்கும் ஏன் அவ்வளவு விலை வித்தியாசம்?

கணப்பின் இரு ஓரத்துக்கும் செய்தது, ஒன்று இல்லாவிட்டால் அறையே சாய்ந்தது போல இருக்கும். ஜோடியின் விலை ஒற்றையின் இரு மடங்கைவிட அதிகமாகவே போகும். ஆனால் ஜோடி என்று சொல்வது ஜோடிதானா என்று பாருங்கள். நல்ல ஜோடியில் இரண்டு கல்லும் ஒரே பாறையிலிருந்து வெட்டியது போல ரேகை ஒத்துப்போகும். உருவங்கள் இருந்தால் ஒன்று இடப்பக்கம் பார்க்கும், மற்றது வலப்பக்கம். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால், இரண்டு அனாதைகளைச் சேர்த்துக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார்கள்.

முத்திரை இல்லையென்றால் மதிப்பில்லையா?

முத்திரை இல்லாத நல்ல ஜாடி ஏராளம். முத்திரை உள்ள மோசமானதும் உண்டு, பெயரைப் பின்னால் பொறிப்பது ஒரு மணி நேர வேலைதான். பார்பெதியேன் பெயரை வெளியே தெரியும்படி வார்த்திருப்பார், பேர்த்லே வெண்கலத்தின் பின்னால் இரண்டெழுத்து முத்திரை மட்டும். 'பிரான்ஸ்' என்ற சொல் பொறித்திருந்தால், பெரும்பாலும் 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு ஏற்றுமதிக்காகச் செய்தது.

கிரீடம் வைத்த 'சி' எழுத்து பற்றியும் கேட்பார்கள். அது 1745 முதல் 1749 வரை செம்புக் கலவைகளுக்கு விதித்த வரியின் அடையாளம். அந்த ஆண்டுகளில் ரொகோகோதான் ஓடியது. கடாத் தலையும் இலைமாலையும் போட்ட ஜாடியில் அந்த முத்திரையைக் கண்டால் யாரோ அதிகமாக ஆசைப்பட்டிருக்கிறார் என்று பொருள்.

ஏலப் பட்டியலில் 'ஸ்தில்', 'எபோக்' என்று போடுகிறார்களே?

இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் பல லட்சம் ரூபாய் கிடக்கிறது. 'எபோக் லூயி 16' என்றால் அந்தக் காலத்திலேயே செய்தது என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார். பிரான்ஸில் 1981ஆம் ஆண்டு ஆணை ஒன்று இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 'ஸ்தில் லூயி 16' என்றால் பாணி மட்டும், நேற்றுச் செய்ததாகக்கூட இருக்கலாம். 'குத்தியேரைத் தழுவி' என்று இருந்தால் குத்தியேர் அதைத் தொட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் நன்றாக இருந்த வெண்கலம் எல்லாவற்றுக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள், அந்தப் பழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில், எதைச் செய்யக் கூடாது. புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், பித்தளைப் பொடி வேண்டாம், வெள்ளிக்குப் போடுவது போலத் திருநீறும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் விருந்தாளி வருகிறார்கள் என்று பாட்டி ஒரு ஜாடியைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். விளக்கு பளிச்சென்று ஆனது. ஜாடியில் மேடான இடமெல்லாம் பொன் போய்ப் பித்தளை பல்லைக் காட்டியது, புளித்தண்ணீர் வழிந்த பாதையில் பளிங்கு மினுக்கம் இழந்து சுண்ணாம்பு போல வெளுத்தது. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட், எந்த அமிலமும் அதைத் தின்னும். பாட்டி மேல் தப்பில்லை, பொன் அவ்வளவு மெல்லியது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மென்மையான காய்ந்த தூரிகையால் மாதம் ஒருமுறை தூசு தட்டுங்கள். அழுக்கு ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் கல்லை ஒற்றி எடுத்து உடனே உலர்த்துங்கள். பொன்னைத் தேய்க்காதீர்கள், பள்ளங்களில் படிந்த கருமை அதற்கு அழகுதான். எண்ணெய், குங்குமம், மஞ்சள் பளிங்கில் பட்டால் ஊறிவிடும். தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்கவே கூடாது, அவை திருகில் நிற்பவை. ஒரு கை பாதத்தின் அடியில், ஒரு கை உடம்பில்.

தேய்ந்த இடத்தில் மறுபடி முலாம் பூசலாமா? பாதரசம் வீட்டில் ஆபத்தில்லையா?

பூசாமல் விடுவதே நல்லது. புது முலாம் பூசிய பழைய ஜாடியை வாங்குபவர்கள் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்கள், விலையும் இறங்கும். அலமாரியில் வைத்திருப்பதால் ஆபத்து இல்லை. ஆனால் எந்தப் பட்டறையிலும் அதை ஊதுகுழல் வைத்துச் சூடாக்கவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ விடாதீர்கள், மிச்சமிருக்கும் பாதரசம் அப்போதுதான் வெளியே வரும்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

லண்டன் போனால் வாலஸ் தொகுப்பு, நுழைவுக் கட்டணம் இல்லை. பாரிஸில் லூவ்ரின் அலங்காரக் கலைப் பிரிவு, அப்புறம் கூட்டம் குறைவான நிசிம் த கமோந்தோ அருங்காட்சியகம். கல்லாகிப்போன மரத்தைக் குடைந்து வெண்கலம் மாட்டிய ஒரு ஜோடி ஜாடி அங்கே இருக்கிறது, மாரி அந்துவானெத்திடம் இருந்தது. நம் பக்கத்தில் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு மரச்சாமான்களும் கடிகாரங்களும் இருக்கின்றன, பொன்முலாம் பார்த்துக் கண்ணைப் பழக்க அது போதும். எங்கே போனாலும் முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கண்ணாடிப் பெட்டியின் பின்பக்கம் சுற்றிப் போய், கைப்பிடி கல்லோடு சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள்.